சேலத்தில் 70,000 ரூபாய்க்குள் அப்பாவுக்கு ஒரு ஹோம் தியேட்டர்

கனடாவிலிருந்து மூன்று வார விடுப்பில் மே மாதம் சேலம் வந்தபோது, அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுப்பதை இந்தப் பயணத்தின் முதல் வேலையாக வைத்திருந்தேன். குறுகிய விடுப்பில் ஊருக்கு வந்து பெற்றோருக்கு இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், எந்தக் கடையில் எப்படிப்பட்ட சேவை கிடைத்தது, பணத்தை எதில் போட்டோம், எங்கே தவறினோம் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 76 வயது. “சத்தம் கேக்குது, என்ன பேசறாங்கன்னுதான் புரியல” என்பது அவருடைய நெடுநாள் குறை. டிவியின் ஒலியை 40, 45 என்று ஏற்றிக்கொண்டே போவார். பாட்டோ சண்டையோ வந்ததும் அம்மா சமையலறையிலிருந்து வந்து குறைப்பார். இதற்குக் காரணம் அவருடைய காது மட்டும் இல்லை. இன்றைய மெல்லிய டிவிகள் பலவற்றில் ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால், ஒலி சுவரிலும் மேசையிலும் பட்டுத் திரும்பிய பிறகே நம்மை வந்தடைகிறது. வயது ஏறும்போது முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். ச, ஸ போன்ற எழுத்துகளின் தெளிவு அந்த உயர் பகுதியில்தான் இருக்கிறது. ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஓர் உஃபருக்கும் (தாழ்ந்த ஒலிகளை மட்டும் தரும் பெட்டிக்கும்) ஒலியைத் தனித்தனிச் சேனல்களாகப் பிரித்துத் தரும் 5.1 ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். டிவி அதை இரண்டு சேனல்களாக மடக்கி ஒலிக்கும்போது வசனமும் இசையும் ஒரே ஸ்பீக்கரில் முட்டிக்கொள்கின்றன. ஏற்காடு சாலையில் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைக் கடக்கும் போதெல்லாம், வசனம் காதில் விழுந்தால்தான் அது படம் என்று சொல்லும் மனிதர் அவர். ஆகவே நல்ல நடு ஸ்பீக்கருக்குப் போக மிஞ்சுவதில்தான் மற்றவை என்று விமானம் ஏறும் முன்பே முடிவு செய்திருந்தேன்.

கனடாவிலேயே வாங்கி வந்திருக்கலாமே என்று உறவினர்கள் கேட்டார்கள். 2019-ல் அதைத்தான் செய்தேன். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி, அதன் வழியாக ரிசீவரை (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டியை) இணைத்துவிட்டுப் போனேன். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது எல்லா இணைப்புகளையும் கழற்றி மாட்டியவர்கள், ரிசீவரை நேராகச் சுவர் பிளக்கில் செருகிவிட்டார்கள். ரிசீவருக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் கருகிப் போயிற்று. அங்கே கொடுத்த வாரன்டியும் இங்கே செல்லவில்லை. பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டில், ஒருவர் மறந்தால் எரிந்துபோகும் பொருளை வைக்கவே கூடாது என்பதை அன்று உணர்ந்தேன்.

இந்த முறை முதலில் போனது நகரின் பெரிய காட்சிக்கூடம் ஒன்றுக்கு. அங்கே இருந்த இளைஞர் மரியாதையாகப் பேசினார். ஆனால் பென் டிரைவில் இருந்த ஒரே ஒரு வெடிச் சத்தக் காட்சியைத் தவிர வேறெதையும் போட்டுக் காட்ட அவருக்கு அனுமதி இல்லை. இரண்டு பேர் மெல்லப் பேசிக்கொள்ளும் ஒரு காட்சியை, குறைந்தபட்சம் செய்தி வாசிப்பையாவது கேட்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டும் முடியவில்லை. கடையே அதிரும்படி ஒலிக்கும்போது எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் தோன்றும். பேச்சுக் குரலைப் போட்டுக் காட்டாத கடையில் ஸ்பீக்கர் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, பழைய பேருந்து நிலையப் பகுதியில் ஆம்ப்ளிஃபயர்களைத் தாமே அசெம்பிள் செய்து விற்கும் ஒருவரைப் பார்த்தேன். 4440 ஐசி என்ற பழைய ஆம்ப்ளிஃபயர் சில்லின் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். 14,000 ரூபாய்க்கு உஃபரோடு முழு 5.1 செட் தருவதாகச் சொன்னார். பழுதானால் அவரே பார்த்துத் தருவார் என்பது பெரிய வசதி. அந்தக் கைத்திறன் மீது எனக்கு மதிப்பும் உண்டு. ஆனால் அதில் டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே ரிசீவருக்குத் தரும் ஏஆர்சி இணைப்பு இல்லை. அந்த இணைப்போடு வழக்கமாக வரும் சிஇசி வசதி இருந்தால் டிவி ரிமோட்டிலேயே ரிசீவரின் ஒலியை ஏற்றி இறக்கலாம், டிவியை அணைத்தால் ரிசீவரும் அணைந்துவிடும். மூன்று ரிமோட்டுகளை அப்பா கையில் கொடுத்தால் ஒரே வாரத்தில் பழைய டிவி ஒலிக்கே திரும்பிவிடுவார் என்று தெரிந்ததால், மனமில்லாமல்தான் அதை விட்டு வந்தேன்.

மூன்றாவது கடை ஃபேர்லேண்ட்ஸ் பக்கம், ஒரு குறுக்குத் தெருவில் இருந்த சிறிய கடை. உரிமையாளருக்கு ஐம்பது வயது இருக்கும். பட்ஜெட் என்ன என்று அவர் கேட்கவில்லை. “ஹால் எத்தனை அடிங்க? தரை டைல்ஸா, மொசைக்கா? யார் சார் கேக்கப் போறாங்க?” என்றுதான் தொடங்கினார். பதினாறுக்குப் பன்னிரண்டு, டைல்ஸ், அப்பா என்று சொன்னதும், “அப்போ பாக்ஸ் எண்ணிக்கை முக்கியம் இல்லைங்க. நடு பாக்ஸ் நல்லதா போட்டுக்குவோம், பின்னாடி பாக்ஸ் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார். நான் கேட்காமலேயே தம் கைப்பேசியிலிருந்து ஒரு செய்தி வாசிப்பை மூன்று நடு ஸ்பீக்கர்களில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். மலிவான ஒன்றில் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. நடுவிலையில் இருந்தது தெளிவாகப் பேசியது. அதைவிட 9,000 ரூபாய் கூடுதலான மூன்றாவதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வாட் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே ரிசீவருக்கு இரண்டு மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே சேனலை மட்டும் இயக்கி, 1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீதச் சிதைவு வரை விட்டு அளந்தால் பெரிய எண் வரும்; இரண்டு சேனல்களை இயக்கி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.1 சதவீதத்துக்கும் குறைந்த சிதைவில் அளந்த எண் அதில் பாதியளவுகூட இருக்கலாம். இந்த இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரின் மின்தடை எட்டு ஓம் என்று வைத்து அளந்ததா, ஆறு ஓம் என்று வைத்து அளந்ததா என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். பிஎம்பிஓ (உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கும் எண்ணுக்குப் பொதுவான அளவீட்டு முறையே கிடையாது. உண்மையில் நமக்கு வேண்டியது மிகக் குறைவு. ஒலியளவை டெசிபெல்லில் அளப்பார்கள். 88 டெசிபெல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர், 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபெல் தரும். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 10 டெசிபெல் குறையும். வாட்டை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபெல் கூடும். 32 வாட் கொடுத்தாலே அப்பாவின் நாற்காலியில் 90 டெசிபெல்லைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் 70 வாட் ரிசீவரே தாராளம் என்று தெளிந்தது. 85 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதில் 88 டெசிபெல் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது ரிசீவரின் வாட்டை இரட்டிப்பதற்குச் சமம் என்பதால், அங்கேதான் காசு மிச்சமாகிறது.

ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி உள்ள மாடல் வேண்டுமா என்றும் குழம்பினேன். ஓடிடி செயலிகள் பெரும்பாலும் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் ஒலி சாதாரண ஏஆர்சி வழியாகவே போகும். சுருக்கினாலும் தரம் குறையாத டால்பி ட்ரூஎச்டி போன்றவற்றை டிவி வழியாக அனுப்பத்தான் இஏஆர்சி தேவை. எங்கள் வீட்டில் ப்ளூரே பிளேயர் இல்லாததால் சாதாரண 5.1 மாடலே போதும் என்று வாங்கினோம்.

உஃபரை மட்டும் 900 ரூபாய் குறைவு என்பதற்காக இணையத்தில் வாங்கினேன், அது தவறு. பெட்டி மூலை நசுங்கி, உள்ளே மரப்பலகை விரிசல் விட்டு வந்தது. திருப்பி எடுத்துக்கொள்ள ஒன்பது நாள் ஆயிற்று. மூன்று வாரம் மட்டுமே ஊரில் இருப்பவருக்கு அது தாங்கக்கூடிய காலம் இல்லை. கடைசியில் உஃபரையும் அந்தச் சிறிய கடையிலேயே வாங்கினேன்.

கடைக்காரரும் ஓர் உதவியாளரும் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அவர் கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டினார். ஓசை சுவருக்குச் சுவர் துள்ளி அடங்கச் சற்று நேரம் பிடித்தது. “இந்த எதிரொலி இருக்கற வரைக்கும் எந்த பாக்ஸ் போட்டாலும் ஐயாவுக்குப் பேச்சு புரியாதுங்க” என்று சொல்லி, அம்மாவிடம் ஜமக்காளம் இருக்கிறதா என்று கேட்டார். பரணில் இருந்த பழைய பவானி ஜமக்காளத்தை எடுத்து டிவிக்கும் நாற்காலிக்கும் நடுவே விரித்து, ஜன்னலுக்குத் தடித்த திரையைப் போட்டபின் மறுபடி தட்டிப் பார்த்தார். ஓசை உடனே அடங்கியது. அம்மா நடு ஸ்பீக்கருக்கு என்று ஷோகேஸின் ஓர் அறையைக் காலி செய்து வைத்திருந்தார். அந்தப் பொந்துக்குள் வைத்தால் குரல் மறுபடியும் குடத்துக்குள் போய்விடும் என்று கடைக்காரர் பொறுமையாக விளக்கி, பலகையின் விளிம்பு வரை முன்னே இழுத்து வைத்தார். பிறகு அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொல்லி, அவர் காது உயரத்தைப் பார்த்து, என் மகளின் பென்சில் பெட்டியிலிருந்து இரண்டு அழிரப்பர்களை வாங்கி ஸ்பீக்கரின் முன் விளிம்புக்கு அடியில் செருகினார். ஸ்பீக்கர் சற்றே நிமிர்ந்து நேராக அப்பாவின் முகத்தைப் பார்த்தது.

விலை கூடிய தனி ஸ்பீக்கர் ஒயர் வாங்கக் கடைக்காரர் விடவில்லை. மின்சாமான் கடையில் கிடைக்கும் ஒன்றரை ஸ்கொயர் (1.5 சதுர மி.மீ.) செம்பு ஒயரே இந்தத் தூரத்துக்குப் போதும் என்றார். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரை மட்டும் வாங்க வேண்டாம் என்று சொல்லி, முனையைச் சுரண்டி உள்ளேயும் செம்புதானா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

எல்லாம் இணைத்த பிறகு உஃபரில் ஓயாத “உம்ம்” என்ற இரைச்சல் வந்தது. உதவியாளர் ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிப் பார்த்தார். டிடிஎச் டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றது. மொட்டை மாடி டிஷ்ஷின் எர்த்தும் கூடத்துப் பிளக்கின் எர்த்தும் வேறு வேறு இடத்தில் இறங்கியதால் வந்த சிக்கல் அது. சிலர் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரைச்சலை நிறுத்துவார்கள். அது உயிருக்கு ஆபத்து. இவர் மறுநாள் எலக்ட்ரீஷியனை அழைத்து வந்து, இரண்டு எர்த்தையும் ஒரே இடத்தில் சேர்க்க வைத்தார்.

ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து ஒலியைச் சரிபார்க்கும்போது வீடு அமைதியாக இருக்க வேண்டும். மே மாதப் பிற்பகலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு நாங்கள் எல்லோரும் வேர்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தோம். முதல் முறை பாதியில் குக்கர் விசில் அடித்ததால் மீண்டும் தொடங்கினோம். ரிசீவர் முன் ஸ்பீக்கர்களைப் பெரியவை என்று பதிந்துகொண்டதைக் கடைக்காரர் சிறியவை என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை உஃபருக்கு அனுப்பினார். நடு சேனலை 3 டெசிபெல் ஏற்றி, திடீர்ச் சத்தங்களை அடக்கும் இரவு நேர அமைப்பையும் இயக்கினார். அன்று மாலை செய்தியை அப்பா 22-ல் வைத்துக் கேட்டார்.

ரிசீவர் 31,500, முன் ஸ்பீக்கர் இரண்டும் 13,800, அதே வரிசையைச் சேர்ந்த நடு ஸ்பீக்கர் 8,900, உஃபர் 12,500, ஒயரும் ஸ்டாண்டும் 1,850, எர்த் வேலைக்கு 1,200. ஆக 69,750 ரூபாய். பொருத்தியதற்குக் கடைக்காரர் கூலி வாங்க மறுத்துவிட்டார். சீரியல் எண்ணோடு கூடிய பில்லில் அப்பாவின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதச் சொன்னேன். என் பெயரில் இருந்தால் பழுதின்போது அவர்தான் அலைவார். ரிசீவரின் மேல் அம்மா விரித்திருந்த பூப்போட்ட துணியை எடுத்துவிட்டு, காற்றுப் போக மேலே ஒரு சாண் இடம் விடச் சொல்லியிருக்கிறேன். பின் ஸ்பீக்கர்களுக்கான ஒயரை இப்போதே சுவரோரமாக இழுத்து, முனைகளில் டேப் சுற்றி, எதற்கு உரியது என்று எழுதி சோபாவுக்குப் பின்னால் விட்டிருக்கிறோம். அடுத்த விடுப்பில் இரண்டு ஸ்பீக்கர்களை வாங்கி மாட்டினால் போதும்.