ஓவர்ஹால் செய்த சிலிண்டர் என்று நம்பிக் கொடுத்த 4,800 டாலர் போச்சு: பழைய குட்டி விமானம் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

4,800 டாலர். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும் யாராவது இந்த நிமிடம் அதே விளம்பரத்தைப் பார்த்து, 'நல்ல விலையாக இருக்கிறதே' என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம். வேண்டாம். அந்த ஆளுக்குப் போன் போடுவதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள்.

என் மச்சானும் நானும் சேர்ந்து வைத்திருப்பது 1966-ஆம் வருஷத்து செஸ்னா 150எஃப். டெக்சாஸில் ஒரு சின்ன விமானத் திடலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. இரண்டே இருக்கை. காண்டினென்டல் ஓ-200 என்ஜின், 100 குதிரைத்திறன். விமானம் வைத்திருக்கிறோம் என்றால் ஊரில் ஏதோ கோடீஸ்வரன் என்று நினைக்கிறார்கள். 1958 முதல் 1977 வரை இருபதாயிரத்துக்கும் மேல் செய்து தள்ளிய வண்டி இது. வாங்குவது பெரிய விஷயமே இல்லை. வாங்கின பிறகு அதைப் பறக்கும் நிலையில் வைத்திருப்பதில்தான் முதுகு ஒடிகிறது.

இங்கே வருஷம் ஒரு முறை முழுச் சோதனை கட்டாயம். அதற்கென்று ஐ.ஏ. என்கிற தனி அனுமதி வைத்திருக்கும் மெக்கானிக்தான் லாக்புக்கில், அதாவது விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில், கையெழுத்துப் போட முடியும். எங்களுக்குப் பார்ப்பவர் வயதானவர், அதிகம் பேசமாட்டார், 150-ஐக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுவார். இந்த முறை கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்தார். சிலிண்டருக்குள் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றை விட்டு, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது. இரண்டு சிலிண்டர் ஐம்பதுகளில் வந்து நின்றன. ஒன்றில் காற்று எக்ஸாஸ்ட் குழாய் வழியாக உஸ்ஸென்று வந்தது, அதாவது வால்வு சரியாக உட்காரவில்லை. மற்றதில் ஆயில் ஊற்றும் வாய் வழியாக வந்தது, அது பிஸ்டன் ரிங் தேய்மானம். எண் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் சிலிண்டரைக் கழற்றிவிட வேண்டியதில்லை. காண்டினென்டல் கம்பெனியே உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்கிறது. விட்டுப் பார்த்தோம். எக்ஸாஸ்ட் வால்வின் ஒரு ஓரம் மட்டும் நிறம் மாறி வெந்துபோயிருந்தது. மற்ற இரண்டும் பழசுதான், நாலையும் ஒன்றாக மாற்றிவிடலாம் என்று முடிவானது.

புதிய சிலிண்டர் நாலுக்கு விலை கேட்டால் மயக்கம் வரும். அதற்கும் மேலே, ஆர்டர் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனவே ஓவர்ஹால் செய்த செட் ஒன்றைத் தேடினோம். இதில் தப்பு ஒன்றும் இல்லை, இந்த உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அங்கீகாரம் பெற்ற பணிமனை ஒன்று சிலிண்டரைப் பிரித்து, அளந்து, விரிசல் சோதனை செய்து, வால்வு, கைடு எல்லாம் மாற்றி, 8130-3 என்கிற சான்றுப் படிவத்தோடு தரும். முறையான சான்றுத் தாள் இருந்தால்தான் அது விமான பாகம். இல்லாவிட்டால் வெறும் இரும்பும் அலுமினியமும்தான், பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொள்ளலாம்.

பழைய விமானங்களும் உதிரி பாகங்களும் விற்கும் விளம்பரத் தளம் ஒன்றில் கண்ணில் பட்டது. 'ஓ-200 சிலிண்டர் செட், ஓவர்ஹால் முடிந்தது, சான்றிதழ் உண்டு, 4,800 டாலர்.' விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று தளமே போட்ட பச்சைக் குறி.

போன் செய்தேன். அந்த ஆள் பேசிய விதத்தை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் அடுத்தவருக்கும் இதையேதான் பேசுவார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எந்த மாடல்?" என்றார். 150எஃப் என்றேன். "ஆ, பின்வால் சாய்ந்திருக்கிற முதல் மாடல். ஃப்ளாப்பை நெம்புகோலில் இழுத்த காலம் போய் மோட்டார் வந்த வருஷம்" என்றார். அது உண்மை. அப்புறம், "சிலிண்டரைக் கழற்றும்போதே மஃப்ளரையும் இறக்கிப் பாருங்கள். கேபின் ஹீட்டருக்குக் காற்று அதைச் சுற்றித்தான் வருகிறது. அதில் ஒரு விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக உங்கள் மூக்குக்கு வரும். இந்த வயசு வண்டியில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்" என்றார். யோசித்துப் பாருங்கள். மஃப்ளர் விற்கிற ஆள் இல்லை. அதில் அவருக்கு ஒரு காசு லாபம் இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தர் நம் உயிரைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்றால் எப்படி சந்தேகம் வரும்? மச்சான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "இவர் நம்ம ஆளுடா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் 4,800 டாலர் என்று இப்போது தோன்றுகிறது.

சான்றிதழின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. பணிமனையின் அங்கீகார எண் இருந்தது. அமெரிக்க விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் இணையதளத்தில் தேடினேன், அந்த எண்ணில் அப்படி ஒரு பணிமனை நிஜமாகவே இருக்கிறது. வேறு என்ன வேண்டும்? வங்கி மூலம் நேரடியாக அனுப்பச் சொன்னார். கார்டு என்றால் கமிஷன் போகும், அதையும் உங்கள் தலையில் கட்ட எனக்கு மனசில்லை என்றார். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்.

பெட்டி ஒழுங்காக வந்து சேர்ந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். பேக்கிங் பிரமாதம். ஒவ்வொரு சிலிண்டரும் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் பையில், துளைகளுக்கெல்லாம் மூடி போட்டு, மேலே மஞ்சள் சீட்டு கட்டியிருந்தது. சாம்பல் நிறத்தில் பளபளவென்று புது பெயின்ட். மச்சான் போட்டோ எடுத்து வீட்டுக் குரூப்பில் போட்டார்.

மெக்கானிக் பெரியவர் சிலிண்டரைக் கையில் எடுத்ததும் பெயின்ட்டைத்தான் பார்த்தார். குளிர்விக்கும் துடுப்புகளுக்கு நடுவே சின்ன ஸ்க்ரூடிரைவரை விட்டுச் சுரண்டினார். சாம்பல் பெயின்ட் செதிலாகக் கழன்றது. அடியில் பழைய ஆயில் கரி, கெட்டியாக. கழுவாமலே மேலே ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். உள்பக்கத்தைத் திருப்பினார். எரியறை மட்டும் வெள்ளி மாதிரி மினுங்கியது. "பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றில் வேகமாக அடித்துப் பாலிஷ் செய்திருக்கிறான். இப்படி அடித்தால் விரிசலின் வாய் நசுங்கி மூடிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

பிறகு சிவப்புச் சாயத்தை எடுத்தார். இந்தச் சோதனையைப் பார்க்காதவர்களுக்காக: நன்றாகத் துடைத்த பரப்பில் சிவப்புச் சாயத்தை அடித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். விரிசல் இருந்தால் சாயம் உள்ளே இறங்கும். மேலே இருப்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி ஸ்ப்ரே அடித்தால், உள்ளே ஒளிந்திருக்கும் சிவப்பு வெளியே கசிந்து வரும். முதல் சிலிண்டரில் வெள்ளை அடித்தார். காய்ந்தது. ஒன்றும் இல்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் வளையத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து, மயிரிழை அகலத்தில் ஒரு கோடாகி, ஸ்பார்க் பிளக் துளையை நோக்கி நடந்தது. மூன்று சிலிண்டரில் இதே கதை. நாலாவதில் விரிசல் இல்லை, ஆனால் உள்விட்டத்தை அளந்தால் அனுமதித்த அளவைத் தாண்டித் தேய்ந்திருந்தது.

சான்றிதழைக் கேட்டார். ஒரு தடவைதான் பார்த்தார். 8130-3 படிவத்தில் கீழே இரண்டு பக்கமாகக் கையெழுத்துக் கட்டங்கள் இருக்கும். இடப்பக்கம் 13-ஆம் கட்டம், புதிதாகத் தயாரித்த பொருளுக்கு. வலப்பக்கம் 14-ஆம் கட்டம், பழுது பார்த்தோ ஓவர்ஹால் செய்தோ மீண்டும் பயன்பாட்டுக்கு விடுவதற்கு. எங்கள் தாளில் 'ஓவர்ஹால்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்தை 13-இல் போட்டிருந்தது. பணிமனையில் நிஜமாக வேலை செய்கிற யாரும் இதைத் தூக்கத்தில்கூடச் செய்யமாட்டார்கள். அந்தப் பணிமனைக்கு அவரே போன் போட்டார். வேலை ஆணை எண்ணைச் சொன்னார். மறுமுனையில் ஒரு பெண்மணி தேடிவிட்டு, "இது எங்கள் எண்ணே இல்லை. எங்கள் எண்கள் இப்படித் தொடங்காது" என்றார். அவர்களுக்கே இது அதிர்ச்சி. யாருடைய பழைய தாளையோ ஸ்கேன் செய்து, எழுத்தை மாற்றி அச்சடித்திருக்கிறார்கள்.

பாகம் சரியாக இருக்கிறது என்று காட்ட மஞ்சள் சீட்டு என்று ஒன்று கட்டியிருந்ததே, அதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. வழக்கத்தில் வந்தது, அவ்வளவுதான். மஞ்சள் அட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும்.

இனி அலைக்கழிப்பு. விற்ற ஆளுக்குப் படங்களை அனுப்பினேன். முதல் பதில்: "நான் அனுப்பும்போது நன்றாக இருந்தது, லாரியில் அடிபட்டிருக்கும்." பெட்டியில் கீறல்கூட இல்லை. லாரி குலுக்கலில் வால்வு வளையத்தில் விரிசல் விழுமாம்! இரண்டாவது பதில்: "உங்கள் மெக்கானிக் சாயத்தைச் சரியாகத் துடைக்கவில்லை." சான்றிதழைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது. "எனக்கு விற்றவன் கொடுத்த தாள் அது. விளம்பரத்தில் உள்ளது உள்ளபடி என்று போட்டிருக்கிறேனே, படிக்கவில்லையா?" போய்ப் பார்த்தால், நிஜமாகவே போட்டிருக்கிறது, நேற்று போட்டது. 'ஓவர்ஹால்' என்ற வார்த்தை மாயமாகி 'பயன்படுத்தத் தக்கது' என்று ஆகியிருந்தது. நான் பணம் கட்டிய அன்றைய ஸ்க்ரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. அதை அனுப்பியதும் பிளாக். மஃப்ளரைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட மனுஷன், விரிசல் விட்ட சிலிண்டரோடு நான் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நொடி யோசித்திருப்பாரா?

விளம்பரத் தளம் இன்னும் மோசம். முதலில் இயந்திரம் பதில் சொன்னது. பிறகு மனிதர் ஒருவர், "நாங்கள் விளம்பரம் வெளியிடும் இடம் மட்டுமே, பரிவர்த்தனைக்குப் பொறுப்பில்லை" என்று ஒட்டிவிட்டுப் புகாரை மூடிவிட்டார். சரி, அப்படியானால் அந்தப் பச்சைக் குறி எதற்கு? எதைச் சரிபார்த்தீர்கள்? மின்னஞ்சல் முகவரியையாம்! பாகத்தையும் இல்லை, ஆளையும் இல்லை. இதை அவர்கள் எழுத்திலேயே தந்திருக்கிறார்கள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அதைவிட, அதே சிலிண்டர் படங்கள் வேறு பெயரில் மறுபடி ஏறியிருக்கின்றன. பின்னணியில் அதே சிவப்பு டூல் பாக்ஸ், அதே 4,800 டாலர். புகார் பொத்தானை அழுத்தினால் 'நன்றி' என்று வருகிறது.

வங்கியில், "நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம், திரும்ப எடுக்க முடியாது" என்று கையை விரித்துவிட்டார்கள்.

எஃப்.ஏ.ஏ.வுக்குச் சந்தேகத்துக்குரிய பாகங்களைத் தெரிவிக்கும் 8120-11 படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் பார்த்தார். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் ஒரு புகார். விமான பாகத்தில் மோசடி செய்தால் சிறை என்று 2000-ஆம் ஆண்டிலேயே கூட்டாட்சிச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, 4,800 டாலர் கேஸுக்கு யார் எழுந்து வருவார்கள் என்று தெரியவில்லை. 2023-இல் லண்டனிலிருந்து ஒரு கம்பெனி பெரிய ஜெட் என்ஜின்களுக்கே போலிச் சான்றிதழோடு பாகம் விற்றது வெளியே வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பெரிய பெரிய விமானக் கம்பெனிகள் என்ஜினைக் கழற்றிக்கொண்டு நின்றன. அவர்களிடம் ஆள் பலம் உண்டு, வக்கீல் உண்டு. எங்களிடம் தகரக் கொட்டகையும் சிலிண்டர் இல்லாத ஒரு என்ஜினும்தான்.

'என் காசு, என் விமானம், பேசாமல் மாட்டு' என்று அந்தப் பெரியவரிடம் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். 1966-இலிருந்து இந்த விமானத்துக்கு என்ன செய்தாலும் லாக்புக்கில் ஏறியிருக்கிறது. இருக்கை ஓடும் தண்டவாளம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கக்கூட 2011-இல் செஸ்னாக்களுக்கென்று உத்தரவு போட்டார்கள், ஏனென்றால் மேலே ஏறும்போது இருக்கை பின்னால் வழுக்கிப் போய் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அவ்வளவு கறாரான இடத்தில் ஒருத்தன் வீட்டு பிரின்ட்டரில் அடித்த தாளைக் கொண்டுவந்து சொருகுகிறான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக ஒரு பட்டியல் போட உட்கார்ந்தேன். இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. தாளில் இருக்கும் போன் நம்பருக்குக் கூப்பிடாதீர்கள், எஃப்.ஏ.ஏ. பட்டியலில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டு, வேலை ஆணை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பணிமனை நிஜமாக இருப்பது மட்டும் போதாது. ஓவர்ஹால் என்றால் கையெழுத்து 14-இல் இருக்க வேண்டும். கார்டு வாங்கமாட்டேன் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். புது பெயின்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். விளம்பரத்தை முழுசாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தேதியோடு.

ஓ-200 சிலிண்டரை ஒழுங்காகச் செய்து தரும் பணிமனை யாருக்காவது சொந்த அனுபவத்தில் தெரிந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். நீங்களே மாட்டி ஓட்டியிருந்தால் மட்டும். 'நண்பர் ஒருவர் சொன்னார்' என்பதெல்லாம் வேண்டாம், விளம்பர லிங்க் அறவே வேண்டாம்.