முகவாதம்: 21 நாள் பேக்கேஜில் நான் தொலைத்த முதல் மூன்று நாள்

போன தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தால் தண்ணீர் வலது ஓரமாக ஒழுகி நைட்டியை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தேன், வாய் இடது பக்கம் கோணியிருந்தது. வலது கண் எவ்வளவு இறுக்கினாலும் மூடவில்லை. அதற்கு முந்தின நாளே வலது காதுக்குப் பின்னால் வலி இருந்தது, பஸ்ஸில் ஜன்னலோரம் வந்ததால் என்று விட்டுவிட்டேன்.

அம்மா "காத்து அடிச்சிருச்சு" என்றார். அண்ணன் பக்கவாதமோ என்று பயந்து காரை எடுத்தார். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு சிகிச்சை மையத்தின் வீடியோவை அனுப்பினார். வரிசையாகக் கோணிய முகங்கள், 21 நாள் கழித்து நேரான முகங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கார் அங்கே போனது.

மையத்தின் பெயரைப் போடவில்லை. அங்கே இருந்தவர் என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். பிரஷர், சுகர் எதுவும் கேட்கவில்லை, காதுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போனா ஸ்டீராய்டு கொடுத்து கிட்னியைக் காலி பண்ணிடுவாங்க" என்று சொல்லி 18,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டார். தினமும் எண்ணெய் தேய்ப்பு, கன்னத்தில் கரண்ட், மூக்கில் சொட்டு. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. அங்கே எந்த மருத்துவமும் படித்தவர் யாருமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கண்ணைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி திறந்த கண்ணோடுதான் தூங்கினேன். ஃபேன் காற்று நேராகக் கண்ணில். ஒன்பதாம் நாள் விடிகாலை கண் சிவந்து, மணலை அள்ளிப் போட்டது போல் உறுத்தியது. விளக்கைப் பார்க்க முடியவில்லை. கண் டாக்டர் பச்சையாக ஒளிரும் சொட்டு விட்டுப் பார்த்தார். கருவிழி காய்ந்து புண்ணாகியிருந்தது. அவர்தான் நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினார்.

நரம்பியல் டாக்டர் முதலில் "நெற்றியைச் சுருக்குங்க" என்றார். வலது பக்கம் ஒரு மடிப்பு விழவில்லை. மூளையில் வரும் பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடுமாம். நெற்றியும் சேர்ந்து செயலிழந்தால் முகத்துக்கு வரும் ஏழாவது நரம்பிலேயே கோளாறு. காதுக்குப் பின்னால் குறுகலான எலும்புக் குழாய்க்குள் ஓடும் அந்த நரம்பு வீங்கி நசுங்குகிறது. இதற்குப் பெயர் பெல்ஸ் பால்சி. ஆனால் இதை வீட்டிலேயே பார்த்து முடிவு பண்ணாதீர்கள். பக்கவாதமாக இருந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். காதில் கொப்புளம் இருந்தால் அது அக்கி வைரஸ், அதற்கு வேறு மருந்தும் சேர்க்க வேண்டும்.

"எத்தனை நாள் ஆச்சு?" என்று அடுத்துக் கேட்டார். ஒன்பது என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். ஸ்காட்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், அப்படி ஆரம்பித்தவர்களில் 100க்கு 83 பேர் மூன்று மாதத்தில் முழுக்கக் குணமானார்கள், மாத்திரை இல்லாதவர்களில் 64 பேர். சுகர் இருப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும், சுகர் ஏறும். கிட்னி போய்விடும் என்று அந்த ஆள் சொன்னது வெறும் பயமுறுத்தல், பத்து நாள் போலத்தான் கொடுக்கிறார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கு. அந்த மாத்திரையே சாப்பிடாதவர்களிலும் ஒன்பது மாதத்தில் 82 பேர் சரியாகிவிட்டார்கள். இதைக் கேட்டதும்தான் அந்த வீடியோக்கள் எனக்குப் புரிந்தன. தானாகவே தேறப்போகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு, தேறியதும் கேமராவைப் பிடிக்கிறார்கள். தேறாத முகம் எதுவும் வீடியோவில் வராது.

அன்றிலிருந்து பகலில் மணிக்கொரு தரம் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப். இவ்வளவுதான் சமாச்சாரம். முதல் நாளே செய்திருந்தால் என் கண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். பாதியில் நிறுத்தியது நாங்கள்தானாம், ஒரு பைசா கிடையாது என்றார்கள்.

நான்கு மாதத்தில் சிரிப்பு ஓரளவு நேரானது. சாப்பாட்டை மெல்லும்போது மட்டும் வலது கண் தானாகச் சுருங்குகிறது. கருவிழியில் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது, இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு அதில் சிதறித் தெரிகிறது. போன வாரம் அந்த மையத்திலிருந்து போன் வந்தது: "இப்ப நல்லாயிட்டீங்களாமே மேடம், சிரிச்ச மாதிரி ஒரு வீடியோ அனுப்ப முடியுமா?"