கேப்ஸ்டோன்: எல்லாம் சொல்லும், ஏன் நின்றது என்பதை மட்டும் சொல்லாது

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை போர்டு பார்க்கிற நண்பன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "மக்கா, நீ வருஷக்கணக்கா கட்டிட்டு அழுகியே, அந்தக் கேப்ஸ்டோன்ல 8051 வருமா? வராதுன்னா நானே ஒண்ணு எழுதிரலாம்னு இருக்கேன். சி ஹெடர் எப்படி வைக்கணும்னு மட்டும் சொல்லு, கேட்டியா?"

கேப்ஸ்டோன் என்பது சிப்பில் இருக்கிற பைட்டுகளை நாம் படிக்கக்கூடிய கட்டளைகளாகப் பிரித்துத் தருகிற டிஸ்அசெம்பிளர் லைப்ரரி. 8051 ஒரு பழைய மைக்ரோகண்ட்ரோலர். வராது. ஐந்தாம் பதிப்பு வரைக்கும் ஆர்ம், எக்ஸ்86, மிப்ஸ், பவர்பிசி, 68கே, 6502 என்று பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது. 8051 அதில் இல்லை. முதல் கேள்வி அதோடு முடிந்தது. இரண்டாவதற்கு, அதாவது எந்த ஃபங்ஷன் எதை வாங்கி எதைத் தர வேண்டும் என்பதற்கு, பதில் சொல்ல உட்கார்ந்ததும் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த எரிச்சலெல்லாம் வெளியே வந்துவிட்டது. 2013-இல் வந்தது, எல்எல்விஎம் என்கிற கம்பைலர் தொகுப்பின் டீகோடரை எடுத்து அமைத்தது, பிஎஸ்டி லைசென்ஸ் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பந்தல் பக்கத்துப் பழைய காற்றாலைகளில் பின்னால் மாற்றி வைத்த கண்ட்ரோல் போர்டுகள் நாகர்கோவிலில் என் மேசைக்கு வரும். பெரும்பாலும் எஸ்டிஎம்32 என்கிற ஆர்ம் மைக்ரோகண்ட்ரோலர். போர்டு செய்தவர் தொழிலை விட்டுப் போயிருப்பார், சோர்ஸ் யாரிடமும் இருக்காது. லாக் போடாத சிப்பாக இருந்தால், உரிமையாளர் எழுதிக் கொடுத்த பிறகு ஃபிளாஷை வாசித்து, எந்தப் பின் எந்த ரிலேவை இழுக்கிறது, எந்த நிலை வந்தால் பிரேக் போடுகிறது என்று தேடுவேன். அதற்கு நான் எழுதி வைத்திருக்கிற சின்ன சி புரோகிராமின் வயிற்றுக்குள் கேப்ஸ்டோன் உட்கார்ந்திருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன்.

ஒவ்வொரு கட்டளையாக எடுக்கிற ஃபங்ஷன், சிஎஸ்_டிஸ்அசெம்_ஐட்டர், எனக்குப் பிடித்த சி ஃபங்ஷன்களில் ஒன்று. பைட்டுகளின் பாயிண்டர், மிச்ச அளவு, முகவரி என்று மூன்றின் முகவரியையும் வாங்கிக்கொள்கிறது. ஒரு கட்டளையைப் பிரித்ததும் மூன்றையும் அதுவே நகர்த்திவிடுகிறது. விடையைப் போட ஒரே ஒரு ஸ்ட்ரக்ட். ஆரம்பத்தில் ஒரு முறை இடம் ஒதுக்கிவிட்டால் கடைசிவரை அதே இடம்தான். மொத்தமாக எடுக்கிற இன்னொரு ஃபங்ஷனும் உண்டு. அது வரிசையாக மெமரி ஒதுக்கித் தரும், நாம் எண்ணிக்கை சொல்லி விடுவிக்க வேண்டும். ஒரு கட்டளைக்கான ஸ்ட்ரக்டே 200 பைட்டுக்கு மேல் என்பதால் 64 கேபி ஃபிளாஷைப் பிரித்தால் விவரம் சேர்க்காமலே 7 எம்பியைத் தாண்டிவிடலாம். கம்ப்யூட்டரில் பரவாயில்லை. ஆனால் ஐட்டரின் சுத்தம் அதில் இல்லை.

அப்புறம் ஆபரண்டுகள், அதாவது ஒரு கட்டளை எதன் மேல் வேலை செய்கிறது என்பதைச் சொல்லும் பகுதிகள். இதற்காகவே கேப்ஸ்டோனுக்கு மாலை போடலாம். பின்யூட்டில்ஸ் கூட வருகிற லிப்ஆப்கோட்ஸ் என்கிற இன்னொரு டிஸ்அசெம்பிளர் லைப்ரரியைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும்: நாம் எஃப்பிரிண்ட்எஃப் மாதிரி எழுத்தை அச்சிடுகிற ஒரு ஃபங்ஷன் எழுதிக் கொடுக்க வேண்டும், அது எழுத்துத் துண்டுகளாக அதில் கொட்டும், நாம் அதைப் பொறுக்கி ஒட்டிப் பிறகு நாமே பிரித்துப் படிக்க வேண்டும். அதையாவது நிலையாக வைத்திருந்தார்களா? 2.39 பதிப்பில் துவக்க ஃபங்ஷனுக்கு இன்னொரு ஆர்க்யுமெண்ட் சேர்த்தார்கள். லினக்ஸ் கெர்னலோடு வருகிற பெர்ஃப், பிபிஎஃப்டூல் போன்ற கருவிகளே கம்பைல் ஆகாமல் நின்றன. எல்எல்விஎம்-இன் சி இடைமுகமும் ஒரு பஃபரில் எழுத்தை நிரப்பிவிட்டு நீளத்தைச் சொல்லும், அவ்வளவுதான். கேப்ஸ்டோனில் அப்படியில்லை. இது ரெஜிஸ்டர், இது எண், இது மெமரி. மெமரி என்றால் அடிப்படை ரெஜிஸ்டர் இது, தள்ளிப்போகிற தூரம் இவ்வளவு என்று தனித்தனியாகக் கையில் கொடுக்கிறது. இது தாவல், இது அழைப்பு என்று குழுவும் சொல்கிறது.

ஒரு உதாரணம். 08000132 முகவரியில் (முகவரிகளும் பைட்டுகளும் ஹெக்ஸில்), பிசி-யிலிருந்து, அதாவது எந்த இடத்தில் ஓடுகிறது என்று காட்டும் ரெஜிஸ்டரிலிருந்து, 16 பைட் தள்ளி இருப்பதை ஆர்0-க்குள் ஏற்று என்று ஒரு கட்டளை. இந்தச் சிப்புகள் பேசுகிற தம்ப் என்கிற ஆர்ம் கட்டளை வடிவத்தில் பிசி என்றால் கட்டளை முகவரியோடு நான்கு, அதை நான்கின் மடங்குக்கு இறக்க வேண்டும். 08000136 இறங்கி 08000134 ஆகும். 16 (ஹெக்ஸில் 10) கூட்டினால் 08000144. அங்கே போய்ப் பார்த்தால் 00 08 01 40 என்று நான்கு பைட், கடைசி பைட்டிலிருந்து படித்தால் 40010800. எஸ்டிஎம்32 எஃப்1 வரிசையில் அது பின்களை இயக்குகிற ஜிபிஐஓ-ஏ போர்ட்டின் முகவரி. ரிலே எந்தப் போர்ட்டில் என்பது கிடைத்துவிட்டது! இந்தக் கணக்குக்கு எழுத்து எதையும் பிரித்துப் படிக்கவில்லை, ஸ்ட்ரக்டில் இருந்த இரண்டு எண்களே போதும்.

அதே நான்கு பைட்டைக் கட்டளை என்று நினைத்துப் பிரிக்கச் சொன்னால் என்ன வரும் தெரியுமா? ஆர்0-ஐ 32 பிட் வலப்புறம் தள்ளு. ஆர்1-ஐ ஆர்0-ஓடு ஆண்ட் செய். இரண்டுமே இலக்கணப் பிழையில்லாத தம்ப் கட்டளைகள். ஃபங்ஷன்களின் வாலில் கம்பைலர் இப்படி மாறிலிகளைச் செருகி வைப்பதால் நேர்கோட்டில் பிரித்துக்கொண்டே போனால் இந்த மாதிரி பேய்க்கட்டளைகள் வரும். இதற்குக் கேப்ஸ்டோனைத் திட்ட முடியாது. எந்த டிஸ்அசெம்பிளர் ஆனாலும் பைட்டை மட்டும் பார்த்து இது தரவு என்று சொல்லாது.

சரி, இப்போது திட்டுக்கு வருவோம்.

அந்த அருமையான ஐட்டர் திருப்பித் தருவது ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் ஒரு கட்டளை கிடைத்தது. இல்லை என்றால்? பைட்டுகள் தீர்ந்து போயிருக்கலாம். புரியாத பைட் வந்திருக்கலாம். அல்லது நான்கு பைட் கட்டளையில் பாதி மட்டும் பஃபரில் இருந்து, மீதி அடுத்த துண்டில் வரவேண்டியிருக்கலாம். மூன்றும் வேறு வேறு சங்கதி. முதலாவதற்கு லூப்பை முடிக்க வேண்டும், இரண்டாவதற்குத் தாண்டிப் போக வேண்டும், மூன்றாவதற்குக் காத்திருக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே 'இல்லை'. வடசேரியில் ஏறின பஸ் நடுவழியில் நிற்கிறது, கண்டக்டர் "இறங்குங்க" என்கிறார். பஞ்சரா, டீசல் தீர்ந்ததா, கடைசி ஸ்டாப்பே இதுதானா என்று வாய் திறப்பதில்லை.

தோற்றுப்போனால் பிழை எண்ணைக் கேளுங்கள் என்று ஹெடரில் எழுதியிருக்கிறது. புரியாத பைட்டில் நின்ற பிறகு கேட்டுப் பாருங்கள், பிழை ஒன்றுமில்லை என்றுதான் வரும். மெமரி போதவில்லை, ஹேண்டில் (லைப்ரரியைத் திறந்தால் கிடைக்கும் அடையாளம்) தவறு மாதிரியான விஷயங்களுக்குத்தான் அந்த எண். கட்டளை புரியாதது அதன் கணக்கில் பிழையே இல்லை. எனவே நாமே மிச்ச அளவைப் பார்க்க வேண்டும்: பூஜ்யம் என்றால் முடிந்தது, இல்லையென்றால் எங்கோ சிக்கியது. மூன்றாவது நிலைக்கு அதுவும் போதாது.

அந்த மூன்றாவதுதான் என் வீட்டு வேலை. உப்புக் காற்றில் கிடந்த போர்டில் டீபக் பின் பச்சை பூத்திருக்கும். ஒரே மூச்சில் வாசித்தால் பாதியில் அறுந்துவிடும் என்று 1 கேபி துண்டுகளாக வாசிப்பேன், வந்த துண்டை உடனே பிரித்துக்கொண்டே போவேன். துண்டின் கடைசி இரண்டு பைட்டில் ஒரு அழைப்புக் கட்டளையின் முன்பாதி விழுந்தால் ஐட்டர் 'இல்லை' என்கிறது. குப்பையா, பாதியா? தெரிந்துகொள்ள நானே அந்த அரைச் சொல்லின் (இரண்டு பைட்) மேல் ஐந்து பிட்டைப் பார்க்கிறேன்: 11101, 11110, 11111 என்றால் நான்கு பைட் கட்டளை, அடுத்த துண்டுக்குக் காத்திரு. இது டிஸ்அசெம்பிளருக்குத் தெரிந்த விஷயம்! அதை உள்ளே பார்த்துவிட்டுத்தான் கையை விரித்திருக்கிறது. அதே அறிவை நான் வெளியே இரண்டாம் முறை எழுதி வைக்க வேண்டுமென்றால் உன்னை எதற்கு லிங்க் செய்தேன்?

தெரியாததைத் தாண்டிப் போகிற ஆப்ஷன் ஒன்று இருக்கிறது, நேர்மையாக அதையும் சொல்ல வேண்டும். அதைப் போட்டால் புரியாத இடத்தில் தம்புக்கு இரண்டு பைட், சாதாரண ஆர்முக்கு நான்கு பைட் என்று தரவாகக் காட்டிவிட்டு நகரும். அந்த வரிக்குக் கட்டளை எண் பூஜ்யமாக இருக்கும். முழு ஃபைலும் கையில் இருந்தால் நன்றாகவே உதவும். துண்டு துண்டாக வாசிக்கிறவனுக்கு ஆபத்து: பாதிக் கட்டளையையும் தரவு என்று விழுங்கிவிட்டு அடுத்த துண்டில் பின்பாதியைப் புதுக் கட்டளையாகப் பிரிக்க ஆரம்பிக்கும்.

முடியாத காரியமா இது? ஸைடிஸ் என்கிற இன்னொரு டிஸ்அசெம்பிளரைப் பாருங்கள். பைட் போதவில்லை என்பதற்கு ஒரு நிலை எண், டீகோட் ஆகவில்லை என்பதற்கு வேறு எண். எழுத்தாக்குகிற வேலையும் அதில் தனி. வேண்டுமென்றால் மட்டும் கூப்பிட்டால் போதும். கேப்ஸ்டோன் வழக்கமான பில்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் கேட்காமலே எழுத்தைத் தயார் செய்துவிடும். ஆனால் ஸைடிஸ் எக்ஸ்86 மட்டும்தான். என் மேசைக்கு எக்ஸ்86 காற்றாலை எதுவும் வரப்போவதில்லை.

மற்ற குறைகள் சில்லறை. திறந்த பிறகு மற்ற ஃபங்ஷன்கள் ஹேண்டிலை நேராக வாங்கும், மூடுகிற ஃபங்ஷன் மட்டும் அதன் முகவரியைக் கேட்கும். ஆபரண்டுகளையும் குழுவையும் தருகிற விவர ஆப்ஷனைப் போட்ட பிறகுதான் ஐட்டருக்கு இடம் ஒதுக்க வேண்டும், வரிசை மாறினால் விவரம் வராது. பழகிவிட்டது.

இப்போது 8051-க்கு வா, மக்கா. உன் நிலைமை நேர் எதிர். 256 முதல் பைட்டில் 165 (ஹெக்ஸில் A5) என்கிற ஒன்றே ஒன்றுதான் காலி, மீதி 255-க்கும் அர்த்தம் உண்டு. புரியாத பைட் என்பதே உனக்கு அபூர்வம், தரவைக் கொடுத்தாலும் கட்டளையாகவே சிரிக்கும். ஆகவே 'இல்லை' வந்தால் பெரும்பாலும் பைட் போதவில்லை என்றுதான் பொருள். முதல் பைட்டைப் பார்த்தாலே நீளம் ஒன்றா, இரண்டா, மூன்றா என்று தெரிந்துவிடுவதால், எத்தனை பைட் போதவில்லை என்பதையே நீ திருப்பிச் சொல்லலாம். நேர் எண் என்றால் கட்டளையின் நீளம், பூஜ்யம் என்றால் கட்டளையே இல்லை, எதிர் எண் என்றால் இன்னும் அத்தனை பைட் கொண்டு வா. 02 01 மட்டும் கையில் இருந்தால் விடை -1. 30 வந்து சேர்ந்ததும் விடை 3, 0130-க்குத் தாவு.

முகவரியைக் கட்டாயம் வாங்கு. 0130-இல் 80 05 (அடுத்த கட்டளையிலிருந்து 5 பைட் தள்ளித் தாவு) இருந்தால் 0137-க்குத் தாவுகிறது என்று நீதான் சொல்ல வேண்டும். 2 கேபி பக்கத்துக்குள் தாவுகிற ஏஜம்ப், ஏகால் இரண்டுக்கும் அடுத்த கட்டளையின் முகவரி தெரியாமல் இலக்கே கிடைக்காது. மெமரி ஒதுக்காதே, ஸ்ட்ரக்டைக் கூப்பிடுகிறவன் கொடுக்கட்டும். எழுத்தாக்குவது தனி ஃபங்ஷன், பஃபர் அளவோடு.

கேப்ஸ்டோனுக்கு மார்க் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. நியாயமாகப் பார்த்தால் நாலு, மேலே எழுதியதைப் படித்தால் உங்களுக்கே தெரியும். ஆனால் ஆடிக் காற்று அடிக்கிறது, ஒரு உரிமையாளர் மணிக்கு ஒரு தரம் போன் போட்டு "காத்து சும்மா போவுது சார்" என்கிறார், நான் இங்கே இரண்டு பைட்டை வைத்துக்கொண்டு குப்பையா பாதியா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் இரண்டுதான்.

கட்டளை அட்டவணையை எழுதுவதற்கு முன்னால் ஹெடரை மட்டும் எனக்கு அனுப்பு மக்கா. டீகோட் ஃபங்ஷன் ஆம், இல்லை என்று மட்டும் திருப்பித் தருவதாக இருந்தால் அடுத்த வரியைப் படிக்க மாட்டேன்.