பர்ஸ் நிறைய நோட்டு, இளநீருக்கு வழியில்லை

திருச்சியில் இறங்கிய மறுநாள் காலையில் தில்லைநகர் பக்கம் நடந்து போய் ஒரு இளநீர் குடித்தேன். ஐம்பது ரூபாய். என்னிடம் இருந்ததெல்லாம் 500 ரூபாய் நோட்டு. கடைக்காரர் அதைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். "காலங்காத்தால சில்லறைக்கு எங்க சார் போறது? ஜிபே பண்ணிடுங்களேன்." வண்டியின் குடைக் கம்பியில் கியூஆர் அட்டை தொங்கியது, அதன் கீழே ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி. எனக்குப் பின்னால் நின்ற பையன் போனைக் காட்டியதும் "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி சத்தமாகச் சொன்னது. என் போனில் இருந்ததோ ஆஸ்திரேலிய வங்கியின் ஆப். கடைசியில் அவரே, "நாளைக்குக் குடுங்க சார், எங்க போயிடப் போறீங்க" என்று அனுப்பி வைத்தார். மெல்போர்னிலிருந்து வந்து இறங்கிய இருபது மணி நேரத்தில் ஐம்பது ரூபாய்க்குக் கடன்காரன்.

2019-க்குப் பிறகு இப்போதுதான் ஊருக்கு வருகிறேன். கிளம்பும் முன் ஒரு வாரம் டாலர் ரேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்க வேண்டியது என் பழைய வங்கிக் கணக்கையும் அதோடு இணைத்த போன் நம்பரையும். ரேட்டில் போவது நூறு இருநூறு. நம்பர் இல்லாமல் போனதில் எனக்கு ஒன்பது நாள் போனது.

கதை இதுதான். கல்லூரிக் காலத்தில் தொடங்கிய சேமிப்புக் கணக்கு ஒன்று எனக்கு இங்கே உண்டு. வெளிநாட்டில் குடியேறியவர் அதைச் சாதாரணக் கணக்காகவே வைத்திருக்க ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது, வெளிநாட்டில் இருப்பவர்களின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும். (அதில் வரும் வட்டிக்கு 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை அனுப்பிப் போடும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு வரி இல்லை. அது தனிப் புலம்பல்.) போன முறை வந்தபோதே மாற்றிவிட்டேன். ஆனால் கொடுத்திருந்த நம்பர் பழைய இந்திய சிம்முடையது. ரீசார்ஜ் பண்ணாமல் விட்டதில் அது செத்துப் போயிருந்தது. ஓடிபி வராமல் ஆப்பும் இல்லை, யுபிஐயும் இல்லை. பணம் கணக்கில் இருக்கிறது, தொட முடியாது.

கிளைக்கு மூன்று தடவை நடந்தேன். முதல் நாள் பாஸ்போர்ட் நகல், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) நகல், போட்டோ. இரண்டாவது நாள், ஆஸ்திரேலிய விலாசத்துக்கு ஆதாரம். மூன்றாவது நாள், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இல்லை என்று திருப்பினார்கள். கவுன்டர் ஓரமாக நின்றே போட்டுக் கொடுத்தேன். அந்த மேடம் கடைசியில் சொன்னது: "இதையெல்லாம் அங்கேருந்தே அனுப்பியிருக்கலாமே சார்." அனுப்பியிருக்கலாம்தான்.

என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு நம்பரிலேயே யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் வழி செய்தார்கள். முதல் பட்டியலில் பத்து நாடுகள்: சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், ஓமன், கத்தார், அமெரிக்கா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பிரிட்டன். உங்கள் வங்கியும் நீங்கள் வைத்திருக்கும் ஆப்பும் இதற்கு ஒத்துழைக்குமா என்று கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். இந்தியாவில் கணக்கே இல்லாதவர்களுக்கு யுபிஐ ஒன் வேர்ல்ட் என்ற வாலட் உண்டு. 2023-இல் ஜி20 மாநாட்டையொட்டி வந்தது. பாஸ்போர்ட், விசா காட்டிப் பணம் ஏற்றிக்கொண்டு கடைகளில் ஸ்கேன் பண்ணலாம். ஆட்களுக்கு அனுப்புவதற்கானது அல்ல.

அந்த ஒன்பது நாளும் அண்ணன் மகன்தான் என் பர்ஸ். "சித்தப்பா, நான் போடுறேன்" என்று எல்லா இடத்திலும் போனை நீட்டுவான். ஆட்டோ, ஹோட்டல், மருந்துக் கடை, அம்மாவுக்குக் கண்ணாடி. நானும் மனசுக்குள் கணக்கு வைத்து ராத்திரி நோட்டை நீட்டுவேன். "விடுங்க சித்தப்பா" என்பான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன். கடைசியில் அண்ணியிடம் கொடுத்தேன், அண்ணி அதை என் பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்தவன் சொந்தக்காரன் போனில் சாப்பிடுவது எவ்வளவு சங்கடம் என்பது சாப்பிட்டவனுக்குத்தான் தெரியும்.

சரி, ரொக்கத்துக்கு வருவோம். விமான நிலையத்தில் டாக்ஸிக்கும் முதல் நாளுக்கும் ஆகிற அளவு மட்டும் மாற்றுங்கள், மீதியை ஊருக்குள் உரிமம் பெற்ற கடையில். ரேட் பலகையைப் பார்க்காதீர்கள், "கமிஷன், வரி எல்லாம் போக என் கையில் எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள், மிஞ்சிய ரூபாயைத் திரும்ப மாற்றும்போது கேட்பார்கள். வெளிநாட்டு நோட்டு 5,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேலோ, டிராவலர்ஸ் செக்கும் சேர்த்து 10,000 டாலருக்கு மேலோ கொண்டுவந்தால் சுங்கத்தில் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்திய ரூபாய் என்றால் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் 25,000 வரை வைத்துக்கொள்ளலாம்.

ஏடிஎம்மில் ஒரு இடம் கவனம். அட்டை வெளிநாட்டுடையது என்று தெரிந்ததும் சில மெஷின்கள், "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடட்டுமா?" என்று கேட்கும். பக்கத்தில் ஒரு ரேட்டையும் அழகாகக் காட்டும். வேண்டாம் என்று அழுத்துங்கள். பணம் வராதோ என்று பயமாக இருக்கும், வரும். ரூபாயிலேயே போனால் உங்கள் வங்கியின் ரேட், அதுதான் பெரும்பாலும் மலிவு. ஜவுளிக் கடையில் அட்டை தேய்க்கும் மெஷினும் இதே கேள்வியைக் கேட்டது. பில் போட்ட பெண் என்னைக் கேட்காமலே ஆஸ்திரேலிய டாலரை அழுத்தப் போனார். "ரூபாய்லயே போடும்மா" என்றதும் நிமிர்ந்து, "எல்லாரும் இதத்தான் சார் போடச் சொல்வாங்க" என்றார். அம்மா பட்டுப்புடவையைத் தடவிக்கொண்டிருந்ததால் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

நான் போன ஏடிஎம் எல்லாம் 500 ரூபாய் நோட்டாகவே கக்கின. 100 அல்லது 200 நோட்டும் கிடைக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது, அது உங்கள் தெரு முனைக்கு வந்துவிட்டால் அதிர்ஷ்டம். வராவிட்டால் பெட்ரோல் பங்க், பெரிய மளிகைக் கடை என்று பார்த்துப் பார்த்து உடைக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் 500-ஐ நீட்டிப் பாருங்கள், தெரியும். சில வண்டிகளில் யுபிஐ மெஷின் வந்துவிட்டதாம், எனக்கு வாய்த்ததில் இல்லை. கண்டக்டர் ஒன்றும் பேசவில்லை, டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கியை எழுதிக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரும் வரைக்கும் என் கண் அவர் பையை விட்டு அகலவில்லை. இறங்கும்போது கொடுத்தார், அதில் எட்டு 10 ரூபாய் நாணயம். பக்கத்து டீக்கடையில் நீட்டினேன். "இது போகாது சார்." 10 ரூபாய் நாணயத்தின் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதை டீக்கடையில் சொல்லிப் பயன் இல்லை. வாங்கினால் அவரிடமிருந்து வாங்க ஆள் இல்லை என்பது அவர் நியாயம்.

நகைக்கென்று ரொக்கம் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடைக்காரர் வாங்கக் கூடாது, 2017 ஏப்ரலிலிருந்து அது வருமான வரிச் சட்டம். துண்டு துண்டாகப் பில் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

யுபிஐ உயிர்பெற்ற அன்று முதல் வேலையாக இளநீர்க் கடைக்குப் போனேன். கடனை அவர் மறந்தே போயிருந்தார். நான் நூறு ரூபாயாகப் போட, "அப்ப இன்னொண்ணு குடிங்க" என்று வெட்டிக் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது மிஞ்சிய ரூபாயை விமான நிலையத்தில் மாற்றவில்லை. மாற்றினால் வரும்போது விட்டதைப் போகும்போதும் விடுவோம். அடுத்த பயணத்துக்கு டாக்ஸிக் காசாக மூவாயிரம் எடுத்து வைத்தேன், எல்லாம் நூறும் ஐம்பதும். பெரிய நோட்டைச் சேர்த்து வைக்கும் தைரியம் 2016 நவம்பர் 8-க்குப் பிறகு எனக்கு இல்லை என்று சொல்லலாம்தான். ஆனால் பழைய பாஸ்போர்ட் உறைக்குள் மூன்று 2000 ரூபாய் நோட்டு கிடைத்ததே, 2019-இல் நானே வைத்தது. 2023 மே 19 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். வங்கிகளில் மாற்றும் கெடு அந்த அக்டோபர் 7-உடன் முடிந்தது. சட்டப்படி இன்னும் செல்லும், கடையில் யாரும் தொட மாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில் மாற்றலாம். தமிழ்நாட்டில் அது சென்னை மட்டும்தான். தபாலில் அனுப்பிக் கணக்கில் வரவு வைக்கவும் வழி உண்டு. "ஆறாயிரத்துக்காகச் சென்னை போகப் போறீங்களா சித்தப்பா?" என்று அண்ணன் மகன் சிரித்தான். மூன்றையும் அதே உறைக்குள் வைத்துவிட்டேன். அடுத்த முறை சென்னை வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் பார்க்கலாம்.