எரேமியாவா, அனனியாவா? இரண்டு வாக்குகளைப் பிரித்தறிவது

காங்கேயம் காளை பூட்டிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு நுகத்தடியின் பாரம் தெரியும். பைபிளில் எரேமியா 28-ம் அதிகாரத்தின் வழக்கே ஒரு நுகத்தின் மேல்தான். யூதா மக்கள் பாபிலோன் ராஜாவுக்கு அடிபணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா தீர்க்கதரிசி தம் கழுத்தில் நுகம் பூட்டியிருந்தார்; அவரை எதிர்த்தவன் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி. இருவருமே கர்த்தர் பெயரால் பேசினார்கள். தோரணையை வைத்துப் பிரிக்க முடியாது.

அனனியா: இரண்டே வருஷத்தில் பாபிலோன் நுகம் முறியும். மனந்திரும்புதலைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு அதுவே பெரிய அடையாளம்.

எரேமியா: சிறையிருப்பு 70 வருஷம்; பாபிலோனிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள். கசப்பான வாக்குதான். ஆனாலும் அனனியாவிடம் அவர் முதலில் சொன்னது "ஆமென்". தம் கழுத்து நுகத்தை அவன் உடைத்தபோதும் மல்லுக்கு நிற்காமல் போய்விட்டார். கர்த்தரின் வாக்கு வந்த பிறகே அவனிடம் திரும்பினார். அனனியா அதே வருஷம் ஏழாம் மாதம் இறந்தான்.

ஈரோட்டிலோ திருப்பூரிலோ ஒரு ஜெபக் கூட்டத்தில் ஒருவர் "ஆறு மாசத்தில் கடன் தீரும்" என்று வாக்குச் சொன்னால், தேதியைக் குறித்து வையுங்கள். நடக்காவிட்டால் உங்கள் விசுவாசக் குறைவு என்பார்கள்; உபாகமம் 18:22 குற்றத்தைச் சொன்னவன்மேல்தான் வைக்கிறது. நடந்துவிட்டாலும் சோதனை முடியவில்லை. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். உபாகமம் 13:1-3 கேட்பது, அந்த அடையாளம் உங்களை யாரிடம் இழுத்துப் போகிறது என்பதை.