எரகனுக்குப் பக்கத்தில் எர்த்ஸீயை வைத்தால்

டிராகன் கதை கேட்டு வரும் நம் டர்பன் சாட்ஸ்வொர்த் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துப்போவது கிறிஸ்டோபர் பயோலினியின் ‘எரகன்’தான். பதினைந்து வயதில் அவர் எழுதத் தொடங்கிய நாவல் அது. 2003இல் பெரிய பதிப்பகம் ஒன்று வெளியிட்ட பிறகு உலகமெங்கும் போனது. ‘எல்லாமே இரவல்’ என்ற புகாரும் கூடவே வந்தது.

புகார் பொய்யில்லை. பண்ணையில் வளரும் பையன், கொல்லப்படும் மாமா, வழிகாட்டிவிட்டு இறந்துபோகும் பெரியவர், சிறையிலிருந்து மீட்கப்படும் இளவரசி: 1977இன் ‘ஸ்டார் வார்ஸ்’ கதை அப்படியே இருக்கிறது. எல்ஃப் என்ற மாய இனம், குள்ளர், வரைபடம், புதிதாகச் செய்த மொழி எல்லாம் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் வழி வந்தவை. ஆனால் டோல்கீனோடு இதை எடைபோடுவது நியாயமில்லை. பயணம் கிளம்பும்போது அவருடைய நாயகன் ஃப்ரோடோவுக்கு வயது 50. அது பையன் வளரும் கதையே இல்லை.

சரியான போட்டி, உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ வரிசையின் முதல் நாவல். அங்கேயும் மலைக்கிராமத்துப் பையன்தான். அங்கேயும் ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால் அதன்மேல் அதிகாரம் கிடைக்கும். வித்தியாசம், தவறுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதில். மந்திரப் பள்ளியில் சக மாணவனின் கிண்டலுக்கு ரோஷப்பட்டு, இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான் எர்த்ஸீயின் நாயகன் கெட். பிளந்த இருட்டிலிருந்து ஒரு நிழல் பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அந்தப் பிளவை மூடியே தலைமை மந்திரவாதி உயிர்விடுகிறார். அதற்கப்புறம் கெட் பழைய கெட் இல்லை. தழும்பு போகவில்லை, துணிச்சல் போய்விட்டது, எதிரி அவன் அவிழ்த்துவிட்டதே. மற்ற நாவலின் நாயகன் எரகனுக்கும் மாமாவின் சாவில் குற்ற உணர்வு உண்டு. அது சீக்கிரமே பழிவாங்கும் வெறியாக மாறிவிடுகிறது. எதிரி எங்கோ அரியணையில் இருக்கிறான். பையனின் வாள்வீச்சும் மந்திரமும் கூடுகின்றன, மனசு அந்த அளவுக்கு வளரவில்லை.

எனக்கு முக்கியமான இன்னொன்று: கெட் செம்பழுப்பு நிறத்தவன், உயிர் நண்பன் கறுப்பு. 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடர் கெட்டை வெள்ளையனாக்கியபோது லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்தார். டோல்கீன் பிறந்தது 1892இல், நம் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைனில். அதற்கு முந்தைய வருடம்தான் அந்த ஊர் இருந்த ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் என்ற குடியரசு, இந்தியர் அங்கே குடியிருக்கத் தடைச்சட்டம் போட்டது. நம் பிள்ளை, நாயகன் தன் நிறத்தில் இருப்பதைப் பார்த்து வளர வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

எரகன் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. கையால் செய்தால் எவ்வளவு சக்தி செலவாகுமோ, மந்திரத்துக்கும் அவ்வளவே. முதல்முறை அம்பில் நெருப்பேற்றி உர்கல் என்ற கொம்பு முளைத்த அரக்கர் இருவரை வீழ்த்தியதும் அவனே துவண்டு விழுகிறான். படிக்கிற பிள்ளைக்கு அந்தக் களைப்பு புரிகிறது. தன் டிராகன் சஃபிராவோடு அவன் மனசால் பேசுவது ஆன் மெக்காஃப்ரியின் பெர்ன் டிராகன் கதைகளில் ஏற்கெனவே வந்த உத்திதான், இருந்தாலும் அவர்கள் சண்டை போட்டுச் சேரும் இடங்களில் உயிர் இருக்கிறது.

பன்னிரண்டு வயதுக்கு எரகனைக் கொடுங்கள். பதினைந்து தாண்டியவர்கள் நேரே எர்த்ஸீக்குப் போகலாம்.