ஜீப் டாப் பிளாஸ்டிக் கண்ணாடிக்கு பிளாஸ்ட்எக்ஸ் பாலிஷ்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

மெகுவையர்ஸ் பிளாஸ்ட்எக்ஸ் 296 மில்லி பாட்டிலில் வருகிறது. பெரும்பாலும் ஹெட்லைட்டுக்காகத்தான் இதை வாங்குகிறார்கள். ஆனால் கேன்வாஸ் டாப் போட்ட மகிந்திரா தார், பழைய மகிந்திரா ஜீப் ஆகியவற்றில் இருக்கும் வளைகிற பிளாஸ்டிக் கண்ணாடிக்கும் இது நன்றாகவே பொருந்தும். மேலோட்டமான கீறலையும் புகை மூட்டம் மாதிரியான மங்கலையும் கண்ணுக்குத் தெரிய எடுத்துவிடுகிறது. மஞ்சளையும் மடிப்புத் தழும்பையும் தொடக்கூட முடியாது. உங்கள் கண்ணாடியில் இருப்பது எது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பார்ப்பதற்குச் செலவே இல்லை. கண்ணாடியைக் கழுவிவிட்டு, மங்கலான இடத்தில் ஈரக் கையால் தண்ணீரைத் தடவுங்கள். ஈரம் இருக்கும்வரை அந்தப் பக்கம் தெளிவாகத் தெரிந்து, காய்ந்ததும் பழையபடி மூட்டம் போட்டால் கீறல் மேல்தோலில்தான் இருக்கிறது. பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறாமல் நேராகப் போகிறது. பாலிஷ் அந்தப் பள்ளங்களின் விளிம்பைத் தேய்த்து மட்டமாக்குகிறது. ஈரத்திலும் பழுப்பாகவே தெரிந்தால், இந்தக் கண்ணாடி செய்யப்பட்ட பிவிசி பிளாஸ்டிக்கே உள்ளுக்குள் கெட்டுவிட்டது என்று அர்த்தம். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு பிரிவதால் வருகிற நிறம் அது, தேய்த்துப் போகாது. நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டி நின்றால் அந்தக் கீறலை முழுசாக எடுக்கும் ஆசையை விட்டுவிடலாம். இந்தத் தாள் பெரும்பாலும் அரை மில்லி முதல் ஒரு மில்லி மீட்டர் கனம்தான், தோண்டிக்கொண்டே போக இடமில்லை.

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் இந்தக் கண்ணாடி சீக்கிரம் மங்குவதற்குக் காரணம் காற்றும் மணலும். ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் வண்டி நின்றாலே போதும், ஒரு பகலில் தூசி அப்பிவிடும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் இன்னும் மோசம். சிவப்பாக மாவு போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது குவார்ட்ஸ் மணி, பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு கடினம். காலையில் வண்டி எடுக்கும்போது தோளில் கிடக்கும் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு துடைக்கிற பழக்கம்தான் கீறலில் பாதியைப் போடுகிறது.

அதனால் பாலிஷ் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் கழுவுவதில் நேரம் செலவழியுங்கள். முதலில் துணியே படாமல் மேலிருந்து தண்ணீர் ஊற்றி மணலை ஓடவிட வேண்டும். பிறகு 10 லிட்டர் வாளியில் ஒரு மூடி கார் ஷாம்பு கலந்து, வெறுங்கையால் தடவிக் கழுவுங்கள். கைக்கு மணல் நெருடினால் தெரியும், ஸ்பாஞ்சுக்குத் தெரியாது. உப்புப் போர்த் தண்ணீரில் கழுவினால் கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றி உடனே ஒற்றி எடுங்கள். தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி நிற்கும், பாலிஷ் போடும்போது அதுவே உரசும்.

ஜிப் வைத்த கண்ணாடி என்றால் கழற்றி, மேஜையில் பழைய போர்வை விரித்து அதன்மேல் கிடத்துவது உத்தமம். கழற்ற முடியாவிட்டால் உள்பக்கம் மடித்த துண்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுகையால் தேயுங்கள். தாங்கல் இல்லாவிட்டால் தாள் உள்வாங்கி, அழுத்தம் ஒரே சீராக விழாது. தையல் ஓரத்திலும் ஜிப்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நூலில் பாலிஷ் ஏறிக் காய்ந்தால் அந்த வெள்ளைக் கோடு லேசில் போகாது.

ஒரு சதுர அடிக்கு ஐந்து ரூபாய் நாணய அளவு பாலிஷ் போதும். மைக்ரோஃபைபர் துணியிலோ, தையல் இல்லாத பழைய பருத்திப் பனியன் துணியிலோ எடுத்து, நேர்கோட்டில் முதலில் மேலும் கீழுமாக, பிறகு குறுக்காக, மிதமான அழுத்தத்தில் இரண்டு மூன்று நிமிடம் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் ராத்திரியில் எதிர்வண்டி லைட் படும்போது வட்டக் கோடுகள் மின்னும். முழுக்கக் காய்வதற்கு முன்பே வேறு சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். முதல் சுற்றில் பாதி தெளிவு வரும், இரண்டாவதில் மீதி. மூன்றாவது சுற்றிலும் மாற்றமில்லை என்றால் அங்கேயே நிறுத்துவது நல்லது. உள்பக்கத்துக்கும் தனியாக ஒரு சுற்று தேவைப்படும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் சூட்டில்தான். வெயிலில் நின்ற வண்டியில், தாள் கைக்குச் சுடும்போது தேய்த்தால் பாலிஷ் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். காலை 9 மணிக்குள் நிழலில் முடித்துவிடுங்கள். டிரில்லில் பாலிஷ் பேட் மாட்டுவதும் வேண்டாம். ஒரே இடத்தில் நின்று சுற்றினால் தாள் இளகி அலை அலையாகிவிடும். உப்புத்தாள் போடவே கூடாது. தின்னர், பெட்ரோல் பட்டால் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய் வெளியேறித் தாள் விறைத்து வெடிக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரேயையும் இதில் அடிக்காதீர்கள். டூத்பேஸ்ட் கொஞ்சம் வேலை செய்யும்தான், ஆனால் தேய்ப்புப் பொடியின் அளவு பேஸ்ட்டுக்குப் பேஸ்ட் மாறும், தையலிலும் அடைத்துக்கொள்ளும்.

கீறல் கொஞ்சம் ஆழமென்றால் நோவஸ் பாலிஷ் இதைவிடப் பொருத்தம். 3ஆம் எண் தடித்த கீறலுக்கு, 2ஆம் எண் மெல்லிய கீறலுக்கு, 1ஆம் எண் துடைத்துப் பளபளப்பாக்க. 3 போட்டால் அது விடுகிற மங்கலை எடுக்க 2 போட்டே ஆக வேண்டும், அதனால் வேலை இரட்டிப்பு. சாதாரண மூட்டத்துக்கு ஒரே பாட்டிலில் முடிகிற பிளாஸ்ட்எக்ஸ் போதும். ஆட்டோ ஹூட்டின் பின் கண்ணாடிக்கு மட்டும் இரண்டுமே வேண்டாம். அந்தச் சின்னத் துண்டை டாப் தைக்கிற கடையில் புதுசாகவே மாற்றிவிடலாம்.

பாலிஷ் போட்ட கண்ணாடியை மணிமுத்தாறு, மாஞ்சோலைப் பயணத்துக்காகச் சுருட்டிக் கட்டுகிறவர்கள், நடுவில் பருத்தித் துணி வைத்துத் தளர்வாகச் சுருட்டுங்கள், கூர்மையாக மடிக்காதீர்கள். அதற்கு முன் இரு பக்கமும் கழுவிக் காயவைத்திருக்க வேண்டும்.